பிறருக்காகச் செய்யும் மந்திரமும் வேண்டுதலும்: விக்காவில் சம்மதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்கா என்பது என்ன? சம்மதம் பற்றிய கேள்வி அதில் ஏன் எழுகிறது?

விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு சமயம். மலாயாவில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜெரால்ட் கார்ட்னர், மந்திரசக்தி உண்டெனச் சொல்லிக்கொள்வோரைத் தண்டித்த 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதை அடுத்து, 1954இல் வெளியிட்ட நூலின் வழியாக அதைப் பொதுமக்கள் அறியச் செய்தார். தேவியையும் கொம்புடைய தேவனையும் வணங்குதல், பௌர்ணமியை ஒட்டியும் பருவங்கள் மாறும் நாள்களிலும் கூடுதல், தரையில் வட்டம் அமைத்து அதற்குள் சடங்கு நிகழ்த்துதல் ஆகியவை அதன் பொதுக்கூறுகள். கோவன் எனப்படும் சிறு குழுவாகவும் செய்வார்கள், தனியாகவும் செய்வார்கள்.

இந்தச் சமயத்தில் மந்திரம் என்பது வழிபாட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றாக இல்லாமல் வழிபாட்டோடு கலந்தே இருக்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்தி, மெழுகுவர்த்தி, முடிச்சு, மூலிகை, துணிப்பொம்மை போன்றவற்றின் துணையோடு, விரும்பும் மாற்றத்தை நோக்கி ஆற்றலைச் செலுத்துவதாக அவர்கள் நம்புகிறார்கள். அந்த மாற்றம் செய்பவரின் சொந்த வாழ்க்கையில் நிகழ வேண்டியதாக இருந்தால் சிக்கல் இல்லை. இன்னொருவரின் உடலிலோ மனத்திலோ வாழ்க்கையிலோ நிகழ வேண்டும் என்று விரும்பும்போது, அவரைக் கேட்டீர்களா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

‘விக்கன் ரீட்’ என்னும் நெறி சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறதா?

நேரடியாக இல்லை. ‘யாருக்கும் தீங்கு நேராதவரை, நீ விரும்புவதைச் செய்’ என்பதே அந்த நெறியின் சாரம். கார்ட்னரிடம் தீட்சை பெற்றவரும், அந்த மரபின் சடங்குப் பாடல்கள் பலவற்றை எழுதியவருமான டோரீன் வாலியன்ட், 1964இல் ஆற்றிய உரையொன்றில் இன்று எல்லோரும் சொல்லும் வடிவில் அதை முன்வைத்தார். அந்த வாக்கியம் தீங்கைப் பற்றிப் பேசுகிறது. சம்மதத்தைப் பற்றி ஒரு சொல்கூட அதில் கிடையாது.

தீங்கும் சம்மதமின்மையும் ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த விஷயத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. உங்களுக்கு வந்த கடிதத்தை ஒருவர் பிரித்துப் படித்துவிட்டு, அதே போல ஒட்டி வைத்துவிட்டால் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. ஆயினும் அவர் செய்தது தவறு என்பதில் ஐயம் இல்லை. கேட்காமல் செய்யப்படும் மந்திரத்திலும், நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதில்கூட, இந்த வகைத் தவறு இருக்கக்கூடும்.

சம்மதம் பற்றிய அக்கறை விக்காவுக்குள் வலுப்பெற்றது 1970களுக்குப் பின்தான். அமெரிக்காவில் பெண்ணிய இயக்கத்தோடு இச்சமயம் கலந்தபோது, அதிகாரம் எப்படிச் செயல்படுகிறது என்ற கேள்வி மந்திரத்துக்குள்ளும் வந்தது. பிறர்மீது செலுத்தும் அதிகாரம், தனக்குள்ளிருந்து எழும் ஆற்றல், பிறரோடு சேர்ந்து பெறும் ஆற்றல் என்று அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளரும் சூனியக்காரியுமான ஸ்டார்ஹாக் 1980களில் செய்த பகுப்பு பலரைப் பாதித்தது. ஆகவே ‘கேட்காமல் செய்வதை ரீட் தடைசெய்கிறது’ என்பவர் இல்லாததைச் சொல்கிறார். ‘ரீட்டில் இல்லை, எனவே கேட்க வேண்டாம்’ என்பவர், ஒரே ஒரு வாக்கியம் தன் மனசாட்சியின் வேலையை முழுவதும் செய்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்.

செய்தது மூன்று மடங்காகத் திரும்பும் என்ற விதி போதாதா?

போதாது. ஒருவர் அனுப்பும் நன்மையும் தீமையும் மும்மடங்காக அவரிடமே திரும்பும் என்ற கருத்து, 1960களின் இறுதி முதல், கார்ட்னரின் மரபை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற ரேமண்ட் பக்லண்டின் எழுத்துகள் வழியாக அமெரிக்காவில் பரவியது. எல்லா விக்கர்களும் அதை ஏற்பதில்லை. ஏற்பவர்களுக்கும் அது செய்பவரின் இலாப நட்டக் கணக்காகவே பயன்படுகிறது: எனக்கு என்ன திரும்பி வரும் என்று அது கேட்கிறதே தவிர, எதிரில் இருப்பவருக்கு இது வேண்டுமா என்று கேட்பதில்லை.

மந்திரம் பலிக்காது என்று நினைப்பவருக்கு இந்தக் கேள்வியே வீண்தானே?

அப்படித் தோன்றலாம். ஆனால் செய்பவர் பலிக்கும் என்று நம்பித்தான் செய்கிறார். ஒருவரின் விருப்பத்தை அவர் அறியாமல் திருப்பிவிட முடியும் என்று நம்பி, அதற்கென இரவெல்லாம் உட்கார்ந்து முயல்பவர், அந்த மனிதரைப் பற்றி என்ன எண்ணம் கொண்டிருக்கிறார் என்பது பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாறாது. அத்துடன், சடங்குக்குப் பின் அவர் நடந்துகொள்ளும் விதமும் மாறும்: ‘அவள் இனி என்னிடம் வந்தே தீருவாள்’ என்று உறுதியாக நம்பும் ஒருவர், அவள் சொல்லும் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் காதில் வாங்குவது கடினம்.

குறிப்பிட்ட ஒருவரை நோக்கி வசியம் செய்வது தவறா?

விக்கர்களிடையே ஏறத்தாழ முழு உடன்பாடு நிலவும் விஷயங்களுள் இது ஒன்று. இன்னாரின் மனம் என்பக்கம் திரும்ப வேண்டும் என்று பெயர் சொல்லிச் செய்யும் வசியத்தைப் பெரும்பாலான ஆசிரியர்கள் கூடாது என்றே கற்பிக்கிறார்கள். காதல் என்பதே ஒருவர் தானாகத் தேர்ந்துகொள்வதில்தான் இருக்கிறது. அந்தத் தேர்வை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவதைக் காதல் என்று அழைக்க முடியாது. பிரிந்து சென்ற துணையைத் திரும்ப அழைக்கும் மந்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். ஒருமுறை காதலித்தார் என்பது இன்றைக்கான சம்மதம் ஆகாது.

பெயர் குறிப்பிடாமல், ‘எனக்கேற்ற துணை வரட்டும்’ என்று செய்தால்?

அதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள், நானும் ஏற்கிறேன். ஆனால் உதட்டில் ‘யாரேனும் ஒருவர்’ என்றும், மனக்கண்ணில் மூன்றாவது மேசையில் அமர்ந்திருக்கும் சக ஊழியரின் முகமும் இருந்தால், பெயரை விழுங்கியதால் எதுவும் மாறிவிடவில்லை. எண்ணமே மந்திரத்தின் கருவி என்று சொல்லும் சமயத்தில் இந்தத் தந்திரம் தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகத்தான் முடியும்.

நோயுற்றிருக்கும் நண்பருக்காகக் குணமளிக்கும் சடங்கு செய்ய விரும்புகிறேன். அவரைக் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். வசியத்தைவிடச் சிக்கலான கேள்வி இது, ஏனெனில் வசியத்தில் செய்பவரின் தன்னலம் கண்ணுக்குத் தெரிகிறது. குணமளிப்பதிலோ அன்பு மட்டுமே தெரிகிறது. நல்லது செய்ய அனுமதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்மையாகவே நல்லவர்களாக இருக்கிறார்கள். அதனால்தான் அவர்களுக்குப் பதில் சொல்வது கடினமாக இருக்கிறது.

மறுப்பதற்கு ஒருவருக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அவர் வேறு சமயத்தைச் சேர்ந்தவராகவும், தன் உடலுக்காக வேறொரு தெய்வத்தை அழைப்பதைத் தன் பக்திக்கு இழுக்காகக் கருதுபவராகவும் இருக்கலாம். எச்சமயத்தையும் சாராதவராக இருந்து, தன் நோய் சடங்குப் பொருளாவதை விரும்பாமலிருக்கலாம். நோயைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருப்பவருக்கு, பத்துப் பேர் வட்டமாக நின்று தன் பெயரையும் புற்றுநோயின் நிலையையும் உரக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிகிச்சை போதும் என்று தீர்மானித்து அமைதியாக இறக்கத் தயாராகும் ஒருவருக்காக அவருடைய ஆயுளை நீட்டும்படி சடங்கு செய்வது, அவர் எடுத்த முடிவுக்கு எதிராக நிற்பதாகும்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு மருத்துவ ஆய்வொன்றிலேயே சான்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ராண்டால்ஃப் பேர்ட் என்ற மருத்துவர் வேண்டுதலின் பயனை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார். அதில் சேரும்படி கேட்கப்பட்ட 450 நோயாளிகளில் 57 பேர் மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களில் சிலர் சொன்ன காரணம் தங்கள் சமய நம்பிக்கை. இதயநோயோடு படுத்திருக்கும் நிலையிலும், யாரோ தங்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வேண்டாம் என்று சொல்லும் மனிதர்கள் இருக்கிறார்கள். கேட்டதால்தான் அது தெரியவந்தது.

எப்படிக் கேட்பது? சொன்னால் விநோதமாகப் பார்ப்பார்களே?

சுருக்கமாக, மறுப்பதற்கு வசதியாகக் கேளுங்கள். ‘உங்கள் அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, என் வழிபாட்டில் உங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது சரிப்படுமா? வேண்டாம் என்றாலும் ஒன்றும் இல்லை, நான் எப்போதும்போல் வந்து பார்ப்பேன்.’ இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். உங்கள் உதவியை நம்பியிருக்கும் நோயாளிக்கு மறுப்பு சொல்வது எளிதன்று; மறுத்தால் உதவியும் போய்விடுமோ என்ற அச்சம் இருக்கும்வரை அவர் சொல்லும் ‘சரி’யை முழுச் சம்மதமாகக் கொள்ள முடியாது. பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்வதும் அவசியம். ‘உன்னை நினைத்துக்கொள்வேன்’ என்று கூறி ஒப்புதல் வாங்கிவிட்டு, அவருடைய தலைமுடியை உள்ளே வைத்துத் துணிப்பொம்மை தைத்தால், அவர் ஒப்புக்கொண்டது ஒன்று, நீங்கள் செய்தது இன்னொன்று. முடி, நகம், கையெழுத்து, புகைப்படம் ஆகியவை ஒருவரோடு தொடர்பை ஏற்படுத்துவதாக மந்திர மரபுகள் கருதுவதால், அவற்றைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். சீப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன் என்பது பதில் ஆகாது.

அவர் சுயநினைவின்றி இருக்கிறார். இப்போது யாரைக் கேட்பது?

மருத்துவத்தில் பின்பற்றும் முறை இங்கும் உதவும்: அவர் பேசும் நிலையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று, அவரை நன்கு அறிந்தவர்களோடு சேர்ந்து யோசிப்பது. முன்பு ஒருமுறை உங்களிடம் சடங்கு செய்யும்படி கேட்டவர் என்றால் தயங்க வேண்டியதில்லை. இத்தகையவற்றை எப்போதும் வெறுத்தவர் என்றால், அவர் வாய்திறக்க முடியாத நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வது அழகல்ல. இரண்டும் தெரியாத நிலையில் அவர்மீது எதையும் செலுத்தாமல், அவரைச் சுற்றியிருப்பவர்களை நோக்கிச் செய்யலாம்: செவிலியரின் கவனம் தளராதிருக்கட்டும், குடும்பத்தார்க்கு மனவலிமை கிட்டட்டும், எனக்குப் பொறுமை வரட்டும் என்பன போல. அந்தக் குடும்பத்தாரையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் விழித்திருக்கிறார்கள், கேட்டால் பதில் சொல்வார்கள்.

அவருடைய ‘உயர்நிலை ஆன்மா’விடம் தியானத்தில் கேட்டேன், சம்மதம் கிடைத்தது என்கிறார்களே?

இவ்விஷயத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் சாக்கு இதுதான் என்பது என் கருத்து. நடைமுறையில் இப்படிக் கேட்பவருக்குக் கிடைக்கும் விடை, அவர் முன்பே விரும்பியதாகவே இருக்கிறது. ‘அவருடைய ஆன்மா மறுத்துவிட்டது, நான் நிறுத்திவிட்டேன்’ என்று சொல்பவர்கள் மிக அரிது. தொலைபேசி எண் கையில் இருக்கும்போது ஆன்மாவிடம் கேட்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: தொலைபேசியில் அவர் என்ன சொல்வார் என்பது முன்பே தெரியும். தியானத்தில் தோன்றும் எதிர்ப்பை உணர்ந்து நிறுத்திக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் தியானத்தில் தோன்றிய அனுமதியைக் கொண்டு, வாயால் வந்த மறுப்பை மீறக்கூடாது.

பிரார்த்தனைக்கும் மந்திரத்துக்கும் வேறுபாடு இல்லையா? பிரார்த்தனைக்குமா அனுமதி கேட்பது?

வேறுபாடு உண்டு என்பவர்கள் சொல்லும் வாதம் இது: பிரார்த்தனையில் முடிவு தெய்வத்தின் கையில் விடப்படுகிறது, மந்திரத்திலோ செய்பவரே முடிவைத் தீர்மானித்துத் தள்ளுகிறார். இந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. ‘அவருக்கு எது நல்லதோ அது நடக்கட்டும்’ என்ற வேண்டுதல், ‘அவர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும்’ என்ற முடிச்சு மந்திரத்தைவிட எவ்வளவோ மென்மையானது.

ஆனால் கோடு எப்போதும் பிரார்த்தனைக்கும் மந்திரத்துக்கும் நடுவில் விழுவதில்லை. ‘என் மகன் அந்தப் பெண்ணை மறந்துவிட்டு எங்கள் சமயத்துக்குத் திரும்பட்டும்’ என்று மண்டியிட்டு வேண்டுபவர், மெழுகுவர்த்தி ஏற்றும் விக்கரைவிடக் குறைவாக ஒன்றும் பிறர் மனத்துக்குள் கையை நுழைக்கவில்லை. கேட்பதன் உள்ளடக்கம்தான் முக்கியம்: இன்னொருவரின் முடிவை மாற்றும்படி கேட்கிறோமா, அவர் எடுக்கும் முடிவு எதுவாயினும் அதில் அவருக்கு நலம் கிடைக்கும்படி கேட்கிறோமா என்பதைப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் எழும் நல்லெண்ணத்துக்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது மனிதனால் ஆகாத காரியம். பெயரைப் பிறரிடம் சொல்லும்போதும், குறிப்பிட்ட விளைவை வேண்டும்போதும் கேட்க வேண்டிய கடமை தொடங்குகிறது.

‘உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்’ என்று தெரிவிப்பதால் என்ன கெடுதல்?

பெரும்பாலோர்க்கு அது ஆறுதலே. ஆனாலும் தெரிவிப்பதற்கே ஒரு விளைவு இருக்கக்கூடும். ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை பெற்ற 1,802 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வேண்டுதல் நடக்கிறதா இல்லையா என்று தெரியாமலிருந்த இரு குழுக்களில், வேண்டப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் வேண்டப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுச் சிக்கல்கள் ஏற்பட்டன. தங்களுக்காக வேண்டுதல் நடக்கிறது என்று உறுதியாக அறிந்திருந்த மூன்றாம் குழுவில் அது 59 விழுக்காடு. இது தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கூறினார்கள். என் நிலைமை அவ்வளவு மோசமா என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான இன்னொரு ஆய்வு 1999இல் வெளியானது. கான்சாஸ் சிட்டி இதய மருத்துவமனையொன்றில் 990 பேரை வைத்து நடந்த அதில், நோயாளிகளிடம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை, சம்மதமும் கேட்கப்படவில்லை. கேட்டால் மனம் கலங்கும் என்பதும், வேண்டுதலால் தீங்கு நேர்ந்ததாகச் சான்றில்லை என்பதும் அதற்கான நியாயங்கள். பயன் தரக்கூடும் என்று கருதியே ஆராயப்பட்ட ஒன்று, தீங்கு தரவே முடியாது என்றும் கருதப்பட்டது எனக்கு விந்தையாகவே இருக்கிறது. குணமளிக்கும் சடங்குகளைப் பற்றிப் பேசும் விக்கர்களும் அடிக்கடி இதே முரண்பாட்டில் விழுகிறார்கள்.

‘எல்லோருடைய நன்மைக்காகவும், எவருக்கும் தீங்கின்றி, ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் இசைய’ என்று முடித்தால் போதுமா?

நல்ல வாசகம்தான். மனம் ஒன்றிச் சொன்னால், மந்திரத்தின் கடுமையைத் தளர்த்தி, ஏற்பவர் ஏற்கட்டும் என்று கதவைத் திறந்து வைக்கிறது. சிலர் இன்னும் தெளிவாக, ஆற்றலை அவர் வாசலில் வைப்பதாகவும், வேண்டுமென்றால் அவர் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அது மண்ணுக்குள் போய்விடட்டும் என்றும் உருவகித்துச் செய்கிறார்கள். கேட்க வழியே இல்லாத நேரத்தில் இது ஏற்கத்தக்க முறை. கேட்க வழியிருந்தும் கேட்காதவருக்கு, கடைசி வரியில் சேர்த்த வாசகம் எந்தப் பாதுகாப்பையும் தராது.

என்னைத் தொடர்ந்து துன்புறுத்துபவரைக் கட்டும் மந்திரம் செய்யலாமா? அவரிடமுமா சம்மதம் கேட்க வேண்டும்?

அவரிடம் கேட்க வேண்டும் என்று எந்த நியாயமான மனிதரும் சொல்லமாட்டார். உங்களை அடிக்க வரும் கையைப் பிடிப்பதற்கு அக்கையின் உரிமையாளரிடம் அனுமதி தேவையில்லை. ஆனால் கையைப் பிடிப்பதும் எலும்பை முறிப்பதும் வேறு வேறு. உங்கள் வீட்டைச் சுற்றிக் காப்பு அமைப்பது உங்களைப் பற்றிய சடங்கு. அதில் மற்றவரின் சம்மதம் பற்றிய கேள்வியே இல்லை. அவர் உங்களை அணுகாமலிருக்கும்படி கட்டுவது அவருடைய ஒரு குறிப்பிட்ட செயலைத் தடுப்பது. பலர் இதை ஏற்கிறார்கள், எந்த அளவிலும் கூடாது என்பவர்களும் உண்டு. அவர் நோயுற வேண்டும், வேலையிழக்க வேண்டும் என்று சபிப்பது தண்டனை. அங்கே ரீட்டையும் மீறிவிடுகிறோம்.

இந்தச் சமயத்தின் தொடக்கக் கதையிலேயே சம்மதமற்ற மந்திரம் ஒன்று இருக்கிறது. 1940இல் ஜெர்மனி படையெடுத்து வரும் என்ற அச்சம் நிலவியபோது, தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் சூனியக்காரர்கள் கூடி, ‘ஆற்றல் கூம்பு’ என்று அவர்கள் அழைக்கும் கூட்டு ஆற்றலை எழுப்பி, ‘உன்னால் கடலைக் கடக்க முடியாது’ என்ற எண்ணத்தை ஹிட்லரின் மூளையை நோக்கிச் செலுத்தியதாகக் கார்ட்னர் எழுதியிருக்கிறார். அது நடந்ததா என்பதற்கு அவருடைய சொல்லைத் தாண்டிய ஆதாரம் மெலிவானது. ஆனாலும், பெருமையோடு சொல்லப்படும் இக்கதை இன்னொருவரின் மனத்தை அவர் விருப்பத்துக்கு எதிராகத் திருப்புவதைப் பற்றியது என்பதை, ‘ஒருபோதும் கூடாது’ என்று கற்பிப்பவர்கள் வசதியாகத் தாண்டிப் போகிறார்கள்.

2017 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்பைக் கட்டுவதற்கான சடங்கு இணையத்தில் பரவி, பல மரபுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே நேரத்தில் ஆரஞ்சு நிற மெழுகுவர்த்தியும் அவருடைய படமும் வைத்து அதைச் செய்தபோது, இதே விவாதம் மறுபடி எழுந்தது. தீங்கைத் தடுக்கிறோம் என்றார்கள் ஒரு சாரார். அரசியலில் எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் நாம் செய்வதெல்லாம் தீங்காகத்தான் தெரியும், அப்போது எல்லை எங்கே என்று கேட்டார்கள் மற்றவர்கள். இரண்டாவது கேள்வியை நான் மதிக்கிறேன். கட்டு மந்திரத்துக்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுவது, தடுக்கப்படும் செயல் குறிப்பிட்டதாகவும், ஆபத்து உண்மையானதாகவும், மந்திரம் அந்தச் செயலோடு நின்றுவிடுவதாகவும் இருக்கும்போது மட்டுமே. காவல்துறைக்குப் போவதும், நம்பிக்கையானவர்களிடம் சொல்வதும், பாதுகாப்பான இடத்துக்கு மாறுவதும் சடங்குக்கு முன்பே நடக்க வேண்டியவை.

என் குழந்தைக்காக நான் செய்வதற்கும் சம்மதம் தேவையா?

கைக்குழந்தைக்காகப் பெற்றோர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள்; தொட்டிலுக்கு மேல் காப்பு வைப்பதும் அதில் அடங்கும். குழந்தை வளர வளர அந்த அதிகாரம் சுருங்குகிறது. பேச்சு புரியும் வயதில், கெட்ட கனவு வராமலிருக்கத் தலையணைக்குக் கீழ் லாவெண்டர் பை வைக்கலாமா என்று கேட்டுப் பழக்குவது நல்லது. பதின்வயது மகளின் நட்பு வட்டத்தை மாற்ற அவளறியாமல் மந்திரம் செய்யும் தாய், அவளுடைய நாட்குறிப்பைத் திருட்டுத்தனமாகப் புரட்டும் தாயைப் போல, கண்டுபிடிக்கப்படும் நாளில் அவளுடைய நம்பிக்கையை இழப்பார்.

இறந்தவர்களுக்கு?

அவர்கள் வாழும்போது எப்படி வாழ்ந்தார்கள் என்பதே அவர்கள் விட்டுச்சென்ற பதில். மார்மன் திருச்சபையினர், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயரில் பதிலாள் ஞானஸ்நானம் (இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் பெறும் ஞானஸ்நானம்) செய்ததை யூத அமைப்புகள் எதிர்த்து, 1995இல் அப்பெயர்களை நீக்க உடன்பாடு ஏற்பட்டது. செய்தவர்கள் அதை அன்பளிப்பாகவே கருதினார்கள். இறந்தவர் அதை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம் என்பது அவர்களுடைய கொள்கை. தம் யூத அடையாளத்துக்காகவே கொல்லப்பட்டவர்களை வேறு சமயத்தின் சடங்கில் பெயர் சொல்லி அழைப்பது, எஞ்சியிருந்தவர்களுக்குப் புதிய காயமாயிற்று. இறந்தோரை நினைவுகூரும் சாவெய்ன் பண்டிகை இரவில் முன்னோரை அழைக்கும் விக்கர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். கடைசிவரை உறுதியான கிறித்தவராக வாழ்ந்த பாட்டியை அன்போடு நினைத்து ஒரு விளக்கேற்றுவதில் குறையில்லை. அவரைச் சடங்கில் பங்கெடுக்கும்படி அழைப்பது வேறு.

கோவனுக்குள் உறுப்பினர்களின் சம்மதம் எப்படிக் காக்கப்படுகிறது?

தீட்சைச் சடங்கின் அமைப்பிலேயே சம்மதத்துக்கு இடம் இருக்கிறது. கார்ட்னர் மரபில், வட்டத்தின் விளிம்பில் நிற்பவரின் மார்பில் கத்தி முனையை வைத்து, நெஞ்சில் அச்சத்தோடு உள்ளே வருவதைவிட இந்தக் கத்திமீது பாய்வது மேல் என்று எச்சரிப்பார்கள். ‘பூரண அன்பும் பூரண நம்பிக்கையும்’ என்பதே அவர் சொல்ல வேண்டிய கடவுச்சொல். அதே சடங்கில் அவருடைய உடலை நூலால் அளந்து அந்நூலை எடுத்துவைக்கும் வழக்கமும் உண்டு. இரகசியத்தை வெளியிட்டால் அந்நூலைக் கொண்டு அவருக்கு எதிராக மந்திரம் செய்யலாம் என்பது பழைய பொருள். சில மரபுகளில் நூலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவே முறையானது என்று நினைக்கிறேன். பணயம் வைத்துப் பெறும் நம்பிக்கையைப் பூரண நம்பிக்கை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சில மரபுகளில் சடங்குகள் ஆடையின்றி நடக்கின்றன, கைகள் கட்டப்படுகின்றன, உடலின் ஐந்து இடங்களில் முத்தமிடும் வணக்கமும் உண்டு. இவையெல்லாம் என்னென்ன என்பதைச் சேருபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ‘சத்தியத்துக்கு உட்பட்ட இரகசியம், அந்த நேரத்தில் தெரிந்துகொள்வாய்’ என்ற பதில், சடங்கின் சொற்களுக்குப் பொருந்தலாம். உடலைத் தொடுவதற்குப் பொருந்தாது. தலைமைப் பூசாரியோ பூசாரிணியோ, தீட்சைக்கும் படிநிலை உயர்வுக்கும் பாலுறவை நிபந்தனையாக வைத்தால் அங்கிருந்து வெளியேறிவிடுங்கள். தீட்சையின் மூன்றாம் படிநிலையில், தேவியும் தேவனும் இணைவதைக் குறிக்கும் கூடல் சடங்கைக் கிண்ணத்துக்குள் கத்தியை இறக்கிக் குறியீடாகச் செய்யும் முறை பரவலாகத் தெரிந்ததே.

பணம் கொடுத்தால் இன்னொருவருக்காக மந்திரம் செய்து தருகிறோம் என்கிறவர்களை நம்பலாமா?

வாடிக்கையாளரின் சம்மதத்தை மட்டும் பார்த்து, மந்திரத்துக்கு இலக்காகும் மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்காதவரிடம் போகாதீர்கள். ‘உங்கள்மீது யாரோ சாபம் வைத்திருக்கிறார்கள், நீக்க இன்னும் இவ்வளவு ஆகும்’ என்று தொகையை ஏற்றிக்கொண்டே போகிறவர் எந்த மரபைச் சேர்ந்தவராயினும் மோசடிக்காரர்.

சம்மதம் கேட்காமல் முன்பே செய்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள். எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்தியை அணையுங்கள், முடிச்சை அவிழுங்கள், பொம்மையைப் பிரித்து உள்ளிருக்கும் முடியையும் பெயர்ச் சீட்டையும் வெளியே எடுங்கள். கலைத்தல் சடங்கு உங்கள் மரபில் இருந்தால் அதைச் செய்யுங்கள். அவரிடம் சொல்ல வேண்டுமா என்பதுதான் கடினமான பகுதி. நெருங்கியவராக இருந்து, அவருடைய நோயைப் பற்றிய விவரத்தைப் பிறரிடம் சொல்லியிருந்தால், அவர் அறிந்துகொள்ள உரிமையுள்ளவர். உங்களிடமிருந்து விலகிச் சென்ற முன்னாள் துணையாக இருந்தால், வசியம் செய்தேன் என்று தெரிவிக்கப் போவது அவரை மேலும் அச்சுறுத்தும். அங்கே மன்னிப்புக் கேட்பதைவிட விலகி நிற்பதே அவருக்கு நல்லது.

ஒப்புக்கொண்டவர் பாதியில் வேண்டாம் என்றால்?

ஒன்பது இரவுகள் செய்யத் திட்டமிட்ட சடங்கில் நான்காம் நாள் அவர் மனம் மாறினால், ஐந்தாம் இரவு கிடையாது. பாதியில் விட்டால் ஆற்றல் கெடும் என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தால், அவருடைய பெயரை எடுத்துவிட்டு, அந்த ஆற்றல் மண்ணில் இறங்கட்டும் என்று வேண்டி முடித்துவிடுங்கள். ஏன் மனம் மாறினார் என்று அவர் விளக்கம் தர வேண்டியதில்லை, நீங்களும் கேட்க வேண்டியதில்லை.